பொன்னுலிங்கம் பின்னிய வெள்ளை அங்கி

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எனக்கு ஒரு நூல் கடை இருக்கிறது. பித்தான், ஜிப், லைனிங் துணி, சேலைக்கு ஃபால்ஸ், குரோஷா நூல் எல்லாம் விற்கிறேன். கடை தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வருகிறவர்களின் விரலைப் பார்த்தே இவர் டெய்லர், இவர் பூத்தையல் போடுகிறவர், இவர் பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்காக வந்தவர் என்று சொல்லிவிடுவேன். பொன்னுலிங்கம் முதல்முறை வந்த அன்றைக்குத்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஆள். நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடும் வெள்ளை நாமம். தோள் இரண்டும் நல்ல அகலம், ஆனால் நெஞ்சு உள்வாங்கியிருந்தது. என் கடைக்கு இரண்டே படிதான். அதை ஏறிவிட்டு, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கையைப் பார்த்தேன். இடது கை முட்டியெல்லாம் பழைய தழும்பு. கட்டைவிரல் நகம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. கல்வேலைக்காரர், மட்டம் பார்க்க நூல் கேட்பார் என்று நினைத்து, மேல்தட்டில் இருந்த தடித்த நூல்கண்டை எடுக்கப் போனேன்.

"அது வேண்டாம் யக்கா. குரோஷா நூலு, வெள்ள. முறுக்கு கூடுதலாட்டு உள்ளது காட்டுங்க."

நான் ஓர் உருண்டையை எடுத்து வைத்தேன். சட்டைப் பையிலிருந்து கொக்கி ஊசியை எடுத்தார். அந்தக் கைக்குள் ஊசி இருப்பதே தெரியவில்லை. நூலின் நுனியை இழுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது கண்ணி பின்னி, இரண்டு பக்கமும் இழுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இது ஒருக்கா கழுவினா தளந்துரும். வேற உண்டுமா?"

அந்த நூல் கழுவினால் தளரும் என்று எனக்குத் தெரிய இரண்டு வருட வியாபாரம் தேவைப்பட்டது. நல்ல நூலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "வீட்டுல பின்னுறது யாரு, உங்க பெஞ்சாதியா?" என்று கேட்டேன்.

"அவளும் பின்னுவா. இது எனக்க வேலைக்கு" என்று சொல்லிவிட்டு, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

பிறகு மாதம் இரண்டு தடவை வருவார். வந்தால் மூச்சு சீராகும்வரை ஸ்டூலில் உட்காருவார். அப்படி உட்கார்ந்து அவர் சொன்னதும், பின்னால் அவர் மனைவி செல்லக்கனி சொன்னதும் சேர்த்துத்தான் அவருடைய கதை எனக்குத் தெரியும்.

மயிலாடிக்காரர். பதினைந்து வயதில் சிற்பப் பட்டறையில் சேர்ந்தவர், முப்பது வருடத்துக்கு மேல் உளி பிடித்தவர். முகம் செதுக்க, கை செதுக்க என்று பட்டறையில் ஆளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கும். இவருக்குத் துணி. கல்லில் சேலை மடிப்பைக் கொண்டுவந்தால், காற்றடித்தால் பறக்கும் என்று தோன்றுமாம். இன்னொன்றும் செய்வார். சிலைகளின் பின்புறத்தையும் முன்புறத்துக்குச் சமமாக இழைத்து முடிப்பார். சுவரை ஒட்டி நிற்கப்போகிற சிலைக்கு முதுகு எதற்கு என்று பட்டறை முதலாளி கத்துவாராம். இவர் காதில் வாங்கியதே இல்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் இருமல் தொடங்கியது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கல் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, இனிப் பட்டறைப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பட்டறை. காலை எட்டு மணிக்கு உளிச்சத்தம் தொடங்கினால் சாயங்காலம்வரை நிற்காது. இவர் உள்ளறையில் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஆறு மாதம் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை என்று செல்லக்கனி சொன்னார்.

செல்லக்கனி நாகர்கோவிலில் ஒரு வியாபாரிக்கு மேசை விரிப்பு பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் மத்தியானம், பாதி முடிந்த விரிப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், விரிப்பில் நாலு வரிசையைக் காணவில்லை. மனுஷர் மடியில் நூல் சுருள் சுருளாகக் கிடக்கிறது.

"ஐயோ, என்ன வேலை செஞ்சு வச்சிருக்கிய!" என்று அவர் கத்த, பொன்னுலிங்கம் நிமிர்ந்து பார்த்தாராம். ஆறு மாதத்தில் முதல்முறையாக முகத்தில் வெளிச்சம்.

"ஏட்டி, கல்லுல ஒரு சில்லு கூடுதலா தெறிச்சுதுன்னா போச்சு. முப்பது வருசமா ஒவ்வொரு அடிக்கும் பயந்துல்லா அடிச்சேன். இதப் பாத்தியா, பிரிச்சா ஒண்ணும் கெடல. பழையபடி நூலாட்டு வருது. இத எனக்குச் சொல்லித் தா."

பத்து நாளில் செல்லக்கனிக்குத் தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது. பிறகு போனில் வீடியோ பார்த்தார். எந்த நாட்டுப் பெண்கள், என்ன மொழி என்று தெரியாது. சத்தத்தை அணைத்துவிட்டு விரல்களை மட்டும் பார்ப்பாராம். குழந்தைகளுக்குத் தொப்பி, சட்டை, பிறகு பெண்களுக்குப் பிளவுஸ், மேல்கோட்டு. கேட்டவர்களுக்குக் காசுக்குப் பின்னிக் கொடுக்கத் தொடங்கினார். நான் என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவேன்.

இனி ஜெபகுமாரி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவர். பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர், முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் முதுகெலும்பு வளையத் தொடங்கியது. வலது தோள்பட்டை எலும்பு மேடாகப் புடைத்திருக்கும், இடது இடுப்பு வெளியே தள்ளியிருக்கும். ஆனால் பாட்டு என்றால் அந்தக் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. நாலு குரலையும் தனித்தனியே சொல்லிக்கொடுத்து, ஒத்திகை முழுவதையும் நடத்துவது அவர்தான். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை அன்று மட்டும் முன்னால் நின்று நடத்த வயதான ஒரு சார் வருவார். அந்த சார் போன வருடம் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். போதகர், இந்த வருடம் டீச்சர்தான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். டீச்சரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் குழுவின் வெள்ளை அங்கி. மூன்று டெய்லர்களிடம் கொடுத்துத் திருத்தியும், போட்டால் ஒரு பக்கம் ஒரு சாண் மேலே ஏறிக்கொள்கிறது.

"யக்கா, பெரிய ஷாலு ஒண்ணு பின்னித் தர ஆளு உண்டுமா? முதுகு முழுசும் மூடணும்."

"என்னத்துக்கு டீச்சர்? இவ்வளவு வருசம் பாடுறிய, ஷாலா போட்டிய?"

டீச்சர் கண்ணாடி அலமாரியில் இருந்த பித்தான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாடும்போ ஆளுகளப் பாத்து நிப்பேன். நடத்துறவங்க குழுவைப் பாத்துல்லா நிக்கணும். ஒரு மணி நேரமும் எல்லாரும் எனக்க முதுகத்தாம் பாப்பாவ."

நானும் அதே ஆலயத்தில் இருபது வருடமாக உட்காருகிறவள். ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவரை மயிலாடிக்குக் கூட்டிப்போனேன். பொன்னுலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஷாலு போட்டா கையைத் தூக்கினதும் நழுவிருமே டீச்சர். பாட்டு நடத்துவியளா, ஷாலைப் பிடிப்பியளா?" என்றார். முழுக்கை வைத்து, முட்டிவரை இறங்குகிற அங்கியாகப் பின்னலாம், தையல் ஒன்றும் இருக்காது, கழுத்தில் தொடங்கிக் கீழே கொண்டுபோகலாம் என்றார்.

"எனக்கு எதுவும் நேராட்டு நிக்காது அண்ணாச்சி."

"பாப்பம்."

கூலி பேசினார்கள். டீச்சர் முன்பணம் கொடுத்தார். செல்லக்கனி உள்ளறைக்குக் கூட்டிப்போய் டேப்பால் அளவெடுத்தார்.

அக்டோபர் முதல் வாரம் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கையில்லாமல் உடல் மட்டும் முடிந்திருந்தது. பின்னலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மழைத்துளி விழுந்த மணல்மாதிரி அவ்வளவு நுணுக்கம். டீச்சர் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

வலது பக்கம் நாலு விரல் மேலே ஏறியிருந்தது.

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எத்தனை கடைகளில் எத்தனை கண்ணாடிகளுக்கு முன்னால் பழகியதோ. "பரவால்ல அண்ணாச்சி. டெய்லர் தச்சதுக்கு இது எவ்வளவோ மேல். இதுவே போதும்" என்று பணத்தை எடுக்கப் பையைத் திறந்தார்.

"கழத்தித் தாங்க டீச்சர்."

வாங்கி மடியில் வைத்தார். கடைசி முடிச்சைத் தேடி அவிழ்த்தார். நுனியைப் பிடித்து இழுத்தார். ஒன்றரை மாத வேலை சர்ரென்று ஓடத் தொடங்கியது. டீச்சர் "ஐயோ, வேண்டாம்" என்று எட்டிப் பிடிக்கப் போனார். செல்லக்கனி அவர் கையைத் தடுத்து, "விடுங்க டீச்சர். அவருக்கு இதுதாம் இதுல பிடிச்சதே" என்று சொல்லிக்கொண்டு, வருகிற நூலை உருண்டையாகச் சுற்ற உட்கார்ந்துவிட்டார். கழுத்துவரை பிரிந்து முடிய அரைமணி நேரம் ஆனது.

"தப்பு எனக்கதாம்" என்றார் பொன்னுலிங்கம். "டேப்பு சுத்தளவு சொல்லும். எங்க உசருது, எங்க தாழுதுன்னு சொல்லாது. கல்லுன்னா நான் டேப்பை நம்பியிருப்பனா?"

எழுந்துபோய்ப் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே உளிகள் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தன. அடியிலிருந்து பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்தார். சிலை நேராக நிற்கிறதா, எந்த இடம் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பார்க்க, நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு.

அதன்பின் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். உள்ளறையில் உத்திரத்தோடு ஒரு கம்பைக் குறுக்கே கட்டி, அதிலிருந்து குண்டைத் தொங்கவிட்டோம். டீச்சர் மெல்லிய உள்ளாடையோடு நூலுக்கு முதுகு காட்டி நின்றார். கதவைச் சாத்தியாகிவிட்டது. பொன்னுலிங்கம் வெளியே, முன்னறையில், கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்கேலைப் பிடிக்க, செல்லக்கனி நூலுக்கும் முதுகுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கழுத்திலிருந்து இரண்டு விரலுக்கு ஒரு தடவை சத்தமாகச் சொல்லுவார். இடுப்புவரை வந்ததும் குண்டை இரண்டு விரல் தள்ளித் தொங்கவிட்டு, மறுபடியும் மேலேயிருந்து தொடங்க வேண்டும்.

ஆறாவது தடவை நூலைத் தள்ளியபோது செல்லக்கனி, "ஒம்பது… நாலு…" என்றார்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "நில்லு. ஒம்பதுலேந்து நேராட்டு நாலுக்கு வராது. நடுவுல ஒரு அளவை விட்டுட்ட. அங்க ஆறரை இருக்கும், பாரு."

நான் ஸ்கேலைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தைத் தாண்டித்தான் போயிருந்தோம். அங்கே வைத்தால் ஆறரை. நானும் செல்லக்கனியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வெறும் எண்களைக் கேட்டே அந்த மனுஷர் முதுகை மனதுக்குள் எழுப்பிக்கொண்டிருந்தார்.

அளவெடுத்து முடித்ததும், களிமண்ணில் முதுகு மட்டும் செய்து வைத்துக்கொள்ளலாமா, அதன்மேல் வைத்துப் பார்த்துப் பின்னினால் ஒவ்வொரு வரிசைக்கும் டீச்சரைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டார். ஈர மண்ணில் தூசி கிடையாது, டாக்டரும் ஒன்றும் சொல்ல முடியாது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

பத்து நாள் கழித்து எங்களை வரச் சொன்னார். ஸ்டூலின்மேல் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தது.

"டீச்சர், நீங்க பாக்கணும்னு சொன்னாத்தாம் துணியை எடுப்பேன். வேண்டாம்னா வேண்டாம். வேலை முடிஞ்சதும் கரைச்சிருவேன்."

"எடுங்க அண்ணாச்சி."

செல்லக்கனி துணியை எடுத்தார். கழுத்தின் அடியிலிருந்து இடுப்புவரை ஒரு முதுகு. மண் இன்னும் ஈரமாக மின்னியது. வலது பக்கத்தில் எலும்பு எழும்பி வருகிற இடம், அங்கிருந்து வளைந்து இறங்கி, நடுவில் திரும்பி, இடது இடுப்பில் போய்ச் சேருகிற கோடு எல்லாம் அப்படியே இருந்தது. நம் ஊர் ஆறு மலையிலிருந்து இறங்குகிறபோது இப்படித்தான் ஒரு பக்கம் ஒதுங்கிப் பிறகு திரும்பும்.

டீச்சர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு உள்ளங்கையை அந்த மண் தோள்பட்டைமேல் வைத்தார். பட்டறையிலிருந்து உளிச்சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எக்ஸ்ரேயில எலும்பப் பாத்திருக்கேன்" என்றார். "முதுக இன்னைக்குத்தாம் பாக்கேன். இதைவிட ரொம்ப மோசமா இருக்கும்னு நெனச்சிருந்தேன் யக்கா. இருபத்திநாலு வருசமா."

பொன்னுலிங்கத்துக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வேலைக்காரன் பேசுகிறதைத்தான் பேசினார். "கல்லுல இந்த வளைவக் கொண்டுவரணும்னா ஒரு மாசம் பிடிக்கும் டீச்சர். அதும் ஒரு அடி பிசகாம அடிச்சாத்தாம்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பம் மறைக்க வேண்டாம் அண்ணாச்சி. இதுக்க மேல எப்படிப் பொருந்துமோ அப்படிப் பின்னுங்க" என்றார்.

அடுத்த நாலு வாரமும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் மயிலாடிக்கு பஸ் ஏறிவிடுவேன். கடைக்காரியாகப் போகவில்லை. பார்க்கத்தான் போனேன். மேடான இடத்துக்கு அதிகப் பின்னல் வேண்டும், பள்ளமான இடத்துக்குக் குறைவாக வேண்டும். அதனால் ஒரு வரிசையை முழுவதும் கொண்டுபோகாமல் பாதியிலேயே திரும்பி வருவார். ஒரு கண்ணியில் இரண்டு போடுவார், கொஞ்சம் தள்ளி இரண்டை ஒன்றாகச் சேர்ப்பார். எதையும் எழுதி வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மண் முதுகின்மேல் விரலை ஓட்டுவார். பிறகு ஊசியை எடுப்பார். நான் அவருக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன். ஒரு வரிசையில் வலது பக்கம் அறுபத்தொன்று, இடது பக்கம் நாற்பத்தெட்டு. அடுத்த வரிசையில் வேறு எண்ணிக்கை. அதற்கடுத்ததில் இன்னும் வேறு. பன்னிரண்டு வயதிலிருந்து குரோஷா பின்னுகிறவள் நான். எண்ணாமல் பின்ன என்னால் ஒரு கைக்குட்டைகூட முடியாது.

நடுவில் கழுத்திலிருந்து கீழேவரை புடைப்பாக ஏழு வரிகளை ஓடவிட்டிருந்தார். அவை நேராக ஓடவில்லை. முதுகு எப்படி வளைந்ததோ அப்படியே வளைந்து, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் இறங்கின.

நவம்பரில் அடைமழை. ஈரக்காற்று அவர் நெஞ்சுக்கு ஆகவில்லை. ஒருநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒன்பது நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அங்கியின் உடல் முடிந்திருந்தது. கை இரண்டும் தொடங்கவே இல்லை. டீச்சரும் நானும் பார்க்கப் போனோம்.

"அண்ணாச்சி, நீங்க உடம்பப் பாருங்க. நான் கையில்லாமலே போட்டுக்கிடுதேன்" என்றார் டீச்சர்.

பொன்னுலிங்கம் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "அது ஒக்காது" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "ஏட்டி, கை ரெண்டும் நீ பின்னு."

"எனக்க கை உங்க கைக்கு ஒக்குமா? எனக்குக் கண்ணி இறுக்கமால்லா விழும்?"

"விழட்டும். கைய வீசிப் பாட்டு நடத்துறவங்க. இறுக்கமாட்டு இருந்தாத்தாம் அங்க நல்லது."

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே செல்லக்கனி இரண்டு கையையும் பின்னி முடித்தார். அவர் பின்னப் பின்ன, இவர் படுத்துக்கொண்டே விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார். பொன்னுலிங்கம் வீட்டுக்கு வந்த மறுநாள் கைகளை உடலோடு சேர்த்தார்கள்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் கேரல் ஆராதனை. அவர்கள் இருவரையும் நான் கூப்பிட்டிருந்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் ஒரு துண்டோடு வாசலில் தயங்கி நின்றார்.

"யக்கா, எங்க அய்யாவழிப் பதியில தலைப்பாகை கட்டித்தாம் கும்பிட உள்ள போவோம். இங்க எப்படி?"

"இங்க ஆம்பளைங்க தலையில ஒண்ணும் கட்டமாட்டாவ அண்ணாச்சி."

கொஞ்சம் யோசித்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். செல்லக்கனி முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர், டீச்சரின் அங்கியைத் திருத்திப் பார்த்த மூன்று டெய்லர்களில் ஒருவர்.

குழு வந்து நின்றது. கடைசியாக ஜெபகுமாரி டீச்சர் பக்கவாட்டு வாசலிலிருந்து வந்தார். நடுவில் வந்து சபையைப் பார்த்துத் தலைவணங்கினார். பிறகு திரும்பினார்.

ஆலயம் நிறைந்திருந்தது. அவ்வளவு பேரும் அந்த முதுகைப் பார்த்தோம். அங்கியின் கீழ் ஓரம் தரைக்கு இணையாக, தண்ணீர் மட்டம்போல நின்றது. ஏழு வரிகளும் வலது தோளில் எழும்பி, வளைந்து, திரும்பி, இறங்கி ஓடின. ஆலயத்தின் மஞ்சள் விளக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல். அந்த முதுகுக்காக அங்கி செய்தது என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இந்த அங்கியைப் போட இப்படி ஒரு முதுகு வேண்டும் என்றுதான் தோன்றியது.

டீச்சர் இரண்டு கையையும் தூக்கினார். அங்கியின் ஓரம் ஒரு நூலளவுகூட மேலே ஏறவில்லை. பக்கத்தில் இருந்த டெய்லர் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"தையல் எங்க போட்டிருக்கு?" என்று என் காதில் கேட்டார்.

"தையலே கிடையாது."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணால் பொன்னுலிங்கத்தைக் காட்டினேன். அவர் அந்தத் தழும்புக் கையையும் அங்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாட்டு தொடங்கியது. நாலு குரலும் சேர்ந்து எழும்பியபோது எனக்கு அழுகை வந்தது. பாட்டுக்கா அங்கிக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொன்னுலிங்கத்தைப் பார்த்தேன். முதலில் சற்று நேரம் அங்கியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பாக்கலியா?" என்றேன் மெல்ல.

"நிக்குது யக்கா. இனி அது டீச்சருக்குள்ளது" என்றார்.

முடிந்து வெளியே வந்தபோது டீச்சரைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொருத்தராகப் பின்னால் போய் நின்று பார்த்தார்கள். சிலர் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார்கள். டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். வேர்த்திருந்தது, முகம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

"யக்கா, மூணாவது பாட்டுக்குப் பெறவு எனக்கு முதுகு உண்டுங்கிறதே மறந்துபோச்சு."

பொன்னுலிங்கம் ஆட்டோவில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். டீச்சர் போய் அவரைக் கும்பிட்டார். அவர் பதறிப்போய், "கும்பிடாதிய டீச்சர். கையி அவ பின்னினது, நல்லா வந்திருக்கு, கேட்டியளா" என்று மனைவியைக் காட்டினார்.

அந்த நாளுக்குப் பிறகு அவருக்கு வேலை ஓயவில்லை. வாங்குகிறவர்கள்தான் மாறிப்போனார்கள். குளச்சலில் விசைப்படகில் இடது கையை இழந்த ஒருவர் வந்தார். பிறந்ததிலிருந்து ஒரு தோள் சிறுத்த ஒரு பிள்ளையைப் பெற்றோர் கூட்டி வந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்குத்தான் பின்னுவார். மூச்சு இடங்கொடுக்கிற அளவுக்குத்தான் வேலை. இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறார்கள். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் டாக்டர் பார்த்துவிட்டு, நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இப்படியே போகட்டும் என்றாராம்.

பிப்ரவரியில் அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு அம்மா அவரைத் தேடி வந்திருந்தார். ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, எந்தப் பிளவுஸும் சரியாக உட்காராமல் இரண்டு வருடமாகக் கல்யாண வீட்டுக்கெல்லாம் போகாமலே இருந்தவர். செல்லக்கனி அளவெடுக்க, அவருக்கு மாம்பழ நிறத்தில் ஒரு பிளவுஸ் பின்னிக் கொடுத்தார்கள். நூல் அந்த அம்மாவே என் கடைக்கு வந்து எடுத்ததுதான்.

போன வாரம் காலை பத்து மணி இருக்கும். நான் கடையில் ஜிப் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தெருவில் வந்து நின்றார். பட்டுச்சேலை, தலையில் பூ, மாம்பழ நிறப் பிளவுஸ். ஏதாவது கல்யாணத்துக்குப் போகிறாராயிருக்கும். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்தார். முந்தானையைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த நடுத்தெருவில், மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டினார். பிறகு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துபோனார்.